தரை திருப்பித் தள்ளும்

டிசம்பர் 17

வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கேட் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கம்பி என்னைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றும் சொல்லலாம். நாம் எதைத் தள்ளினாலும் அது நம்மைத் திருப்பித் தள்ளும். எதை இழுத்தாலும் அது நம்மைத் திருப்பி இழுக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை இப்போது இந்த டைரியில் எழுதுகிறது.

குருபரன் புனேயிலிருந்து பேசினான். பொங்கலுக்கு வருகிறானாம். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் ரயிலில் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறான். இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. இந்த வீட்டுக்கு ஒரு பேங்க் மேனேஜர் குடி வரப்போகிறார்.

"சரிப்பா" என்றேன். ஆடியில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவன் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்கிறேன். பாவம், ஒற்றைப் பிள்ளை. தூரத்தில் இருந்துகொண்டு பயப்படுகிறான்.

முருங்கைக்காய் சாம்பார். உப்பு கூடிவிட்டது.

டிசம்பர் 19

இட்லிக்கடை செல்லக்கனி வந்தாள். மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் எங்கள் பம்ப்ரூம் தெருப் பெண்களுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் தெருப் பெண்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். இரண்டு தெருவும் சேரும் முச்சந்திதான் களம். அவரவர் தெரு வாயில் நின்று இழுக்க வேண்டும். தோற்ற தெரு, ஜெயித்த தெருவுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து இலை போட்டுப் பரிமாற வேண்டும். எனக்குத் தெரிந்து பரிமாறுவது நாங்கள்தான். செல்லக்கனியின் சர்க்கரைப் பொங்கலைத் தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் அவ்வளவு ருசித்துப் பாராட்டுவார்கள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டீச்சர், எட்டு பேர்ல ஒரு ஆளு கொறையுது. சரசு மக பிரசவத்துக்குப் போயிட்டா. நீங்க வாங்க."

"எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு செல்லக்கனி. நான் என்னத்த இழுக்க?"

"நீங்க ஒண்ணும் இழுக்க வேண்டாம். கயித்துக் கடைசில சும்மா நின்னாப் போதும்." சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்க ஒடம்புக்கு நீங்க நின்னாலே போதும்."

கோபப்பட்டிருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை. சரி என்றேன்.

டிசம்பர் 20

குருபரன். பாத்திரம் எதுவும் எடுத்து வர வேண்டாமாம். அங்கே எல்லாம் இருக்கிறதாம்.

டிசம்பர் 22

பம்ப்ரூம் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டிப் பயிற்சி. எல்லோரும் கையால் வெடுக் வெடுக்கென்று இழுத்தார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நாம எவ்வளவு இழுத்தோமோ, மரமும் நம்மள அவ்வளவு இழுத்துச்சு."

டெய்லர் நூர்ஜகான் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஊசி மாதிரி இருப்பாள்; வாயும் அப்படித்தான். "மரம் எங்க டீச்சர் இழுத்துச்சு? அது பாட்டுக்கு நிக்குது. அதுக்கு நம்ம மேல என்ன கோவம்?"

"அது இழுக்கலன்னா நீ மல்லாக்க விழுந்திருப்ப. கயிறு அறுந்தா என்ன ஆகும்?"

"விழுவோம்."

"அப்ப அது வரைக்கும் ஒன்னை விழாமப் பிடிச்சு இழுத்தது யாரு?"

நூர்ஜகான் யோசித்தாள். செல்லக்கனி, "ஏ நூரு, டீச்சர் வாயக் கிண்டாத. பாடம் எடுக்க ஆரம்பிச்சுருவாக" என்றாள். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 23

பழைய இரும்பு வாங்கும் தவசியிடம் கொக்கி வைத்த வில்தராசு இரண்டு இரவல் வாங்கினேன். ஒன்றின் கொக்கியை இன்னொன்றில் மாட்டி, ஒரு பக்கம் செல்லக்கனி, ஒரு பக்கம் நூர்ஜகான். "இழுங்க" என்றேன். செல்லக்கனி இழுத்த இழுப்பில் நூர்ஜகான் பம்ப்ரூம் சுவர் வரை போய்விட்டாள். ஆனால் போகிற வழியெல்லாம் இரண்டு முள்ளும் ஒரே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. மறுபடி செய்யச் சொன்னார்கள். ஆள் மாற்றிச் செய்தோம். அப்போதும் அப்படியே.

"தராசு கெட்டுப்போச்சு" என்றாள் செல்லக்கனி.

"என் தராசச் சொல்லாதீக" என்று தவசிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் சமம்னா எதுக்கு டீச்சர் இழுக்கணும்? ஆளுக்கொரு பாயப் போட்டுப் படுத்துக்கலாமே" என்றாள் நூர்ஜகான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கயிறு யாருக்கும் கூடக் குறையக் கொடுப்பதில்லை. அப்படியானால் ஜெயிப்பது எங்கே? எழுந்து நடந்து காட்டினேன். நடக்கும்போது கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. கிணற்றில் நீந்துகிறவர்கள் தண்ணீரைப் பின்னால் தள்ளுவதும், ஊஞ்சலில் இருந்து காலால் உந்துவதும் இதே கதைதான். கயிறு இழுக்கும்போது எந்தப் பக்கத்துக் கால்கள் தரையைப் பலமாகத் தள்ளுகின்றனவோ, அந்தப் பக்கத்தைத் தரை பலமாகத் திருப்பித் தள்ளும். அந்தப் பக்கம் ஜெயிக்கும். கை வெறும் கொக்கி. வேலை முழுக்கக் காலில்.

நூர்ஜகான் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருசமா நானா நடக்கேன்னு நெனச்சேன் டீச்சர். இந்தத் தரைதான் என்னத் தள்ளிவிட்டுக்கிட்டு இருக்கா?"

என் வேலைக்காலம் முழுவதும் எந்தப் பிள்ளையும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

டிசம்பர் 27

குதிகாலை ஊன்றி, முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்து இழுக்கப் பழகினோம். இடுப்பு வலி குறைந்திருக்கிறது, ஏனோ. பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் தெரு ஆண்களோடு இழுத்துப் பார்த்தோம். அசைக்க முடியவில்லை அவர்களால். செல்லக்கனியின் வீட்டுக்காரர், "வேட்டி தடுக்கிருச்சு" என்றார். எட்டு வேட்டியுமா தடுக்கும்?

ஒன்று மட்டும் புரியவில்லை. போன வருடமும் மைதானத்தில் நன்றாகத்தான் இழுத்தார்களாம். முச்சந்திக்குப் போனால் மட்டும் கால் நிற்பதில்லையாம். "அது ராசி" என்கிறாள் செல்லக்கனி. ராசிக்கு நான் பாடம் எடுத்ததில்லை.

டிசம்பர் 29

விழாக் கமிட்டியிலிருந்து வந்து விசில் கேட்டார்கள். வருடா வருடம் போட்டிக்கு நடுவராக இருந்தவர் என் வீட்டுக்காரர்தான். இரண்டு தெருவுக்கும் பொது மனிதர். எந்தப் பக்கம் ஜெயிக்க ஆசை என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை. வீடெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 2

காலையில் விழுந்துவிட்டேன். சாணம் கரைத்து வாசல் தெளித்து, வழக்கம்போலத் துடைப்பத்தால் வழவழவென்று இழுத்துவிட்டு, கோலமாவை எடுக்கத் திரும்பினேன். கால் போய்விட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம்.

யார் சொன்னார்களோ, குருபரன் உடனே பேசினான்.

"இதுக்குத்தான்மா சொன்னேன். யாருமே இல்லாத வீட்டுல விழுந்து கெடந்தா யாரு பாக்கறது?"

நூர்ஜகான் பார்த்தாள், செல்லக்கனி தூக்கினாள், தவசி வெந்நீர் ஒத்தடத்துக்கு ரப்பர் பை கொண்டுவந்தான் என்று சொல்ல நினைத்தேன். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. "சரிப்பா" என்றேன்.

அதே நாள், மதியம்

படுத்தபடி யோசித்தேன். நான் ஏன் விழுந்தேன்? காலால் தரையைத் தள்ளினேன். வழவழப்பான தரை கால் தள்ளியதைத் தாங்கிக்கொள்ளாமல் நழுவவிட்டது. அதனால் திருப்பித் தள்ளவும் இல்லை. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தொடை வலியில் கத்தினேன். சந்தோஷத்திலும்.

மாட்டுப் பொங்கல் காலையில் முச்சந்தியில் தங்கள் பாதியை இரண்டு தெருக்காரர்களும் தெளித்துக் கோலம் போட வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் தெருவார் ஒரு வாளித் தண்ணீரை வீசிவிட்டு நாலு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். நாங்களோ கூட்டி, மெழுகி, கண்ணாடி மாதிரி ஆக்கி, அதன்மேல் கோலமாவை நிரப்பித் தேரையே வரைந்துவிடுவோம். கோலப் பரிசு வருடா வருடம் எங்களுக்குத்தான். அன்று சாயங்காலம் அதே இடத்தில் வெறுங்காலோடு நின்று கயிறு இழுப்போம். கோலம் போட்ட இடம் என்பதால் செருப்பும் கூடாது.

எங்களைத் தோற்கடித்தது தீப்பெட்டி ஆபீஸ் தெரு இல்லை. எங்கள் கோலம்தான்.

ஜனவரி 3

செல்லக்கனியிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"மாட்டுப் பொங்கலும் அதுவுமா முச்சந்தியத் தெளிக்காம விடச் சொல்றீகளா? தீப்பெட்டி ஆபீஸ் தெரு அழகுத்தாயி என்ன சொல்லுவா? பம்ப்ரூம் தெருப் பொம்பளைங்க சோம்பேறி முண்டைங்கன்னு சொல்ல மாட்டா?"

"ஜெயிக்க வேண்டாமா?"

"கோலத்துலயாவது ஜெயிக்கோம்ல! அதையும் விடச் சொல்லுதீக. நீங்க ரெண்டு வாரத்துல புனேக்குப் போயிருவீக. இந்தத் தெருவுல மூஞ்சியக் காட்டிக்கிட்டு இருக்கப்போறது நாங்க."

போய்விட்டாள்.

ஜனவரி 4

செல்லக்கனியிடமிருந்து இட்லி வரவில்லை. உப்புமா கிண்டினேன். அதுவும் இறங்கவில்லை.

ஜனவரி 6

விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டினார்கள். செல்லக்கனியும் நூர்ஜகானும். செல்லக்கனி என் முகத்தைப் பார்க்காமல், "இவ என்னய விடமாட்டேங்கா" என்றாள்.

நூர்ஜகான் என் வாசலில் பாதியை மட்டும் தெளித்து மெழுகினாள். மறுபாதி காய்ந்த கரிசலும் சரளுமாகக் கிடந்தது. மெழுகின பக்கம் செல்லக்கனி, காய்ந்த பக்கம் நூர்ஜகான். நடுவில் முறுக்கிய ஒரு துண்டு.

"கைப்பிள்ளய இழுக்கிற மாதிரி இழுத்துருவேன். விழுந்தா அழக்கூடாது" என்றாள் செல்லக்கனி.

நூர்ஜகான் குதிகாலைச் சரளில் பதித்துச் சாய்ந்தாள். செல்லக்கனி காலை உதைத்தாள். உதைத்த கால் உதைத்த பக்கமே போனது. அந்தப் பெரிய உடம்பு, நின்ற வாக்கில், பனங்கட்டை தண்ணீரில் மிதந்து வருவது போல நூர்ஜகானை நோக்கி வழுக்கி வந்தது. செல்லக்கனி முகத்தில் இருந்த ஆச்சரியத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. மூன்று பேரும் வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

கடைசியில் செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோலத்த ஜெயிச்ச பெறகு போடுவோம் டீச்சர். அந்த அழகுத்தாயி தெரு வரைக்கும் சேத்துப் போடுவோம்."

ஜனவரி 10

பயிற்சி. அழகுத்தாய் அணி பழகுவதை மறைவாகப் போய்ப் பார்த்துவந்த நூர்ஜகான் சொன்னாள்: அவர்கள் கத்திக்கொண்டு ஒரே மூச்சாக இழுக்கிறார்கள், பிறகு எல்லோரும் ஒன்றாகக் காலைத் தூக்கிப் பின்னால் வைக்கிறார்கள். தூக்கிய கால் எதைத் தள்ளும்? அந்த நொடிதான் நமக்கு. அவர்கள் இழுக்கும்போது ஊன்றி நிற்பது, அவர்கள் கால் மாற்றும்போது நாம் தள்ளுவது. வாலில் நிற்பதால் எனக்கு எல்லோரும் தெரிவார்கள். 'இப்ப' என்று சொல்லும் வேலை எனக்கு.

ஜனவரி 14

குருபரன் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். எனக்காகப் பெரிய நீலப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறான், சக்கரம் வைத்தது. கூடத்தின் நடுவில் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் இடித்துக்கொள்கிறேன்.

போட்டியைப் பற்றித் தெரிந்ததும் தலையில் கை வைத்தான். "கயிறு இழுக்கப் போறீங்களா? விழுந்து ரெண்டு வாரம்கூட ஆகலம்மா!"

"பன்னெண்டு நாளாச்சு. நான் கடைசில சும்மா நிக்கதுதான்."

ஜனவரி 15

செல்லக்கனி வீட்டில் பொங்கல் பொங்கி வடக்கே வழிந்தது. பேங்க் மேனேஜர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வேப்பமரத்துப் பக்க ஜன்னலை அடைத்து ஏ.சி. வைக்கலாமா என்று குருபரனிடம் கேட்டார். நான் சமையல்கட்டில் இருந்தேன்.

விசில் அகப்பட்டது. என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று தேடியபோது அவர் சட்டைகள் இருந்த அலமாரியை மட்டும் நான் திறக்கவில்லை.

ஜனவரி 16

எழுதக் கை வரவில்லை. தேங்காய் நார்க் கயிற்றில் உள்ளங்கை உரிந்திருக்கிறது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

காலையில் முச்சந்தியில் எங்கள் பாதியைச் சும்மா கூட்டி மட்டும் விட்டோம். அழகுத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். தீப்பெட்டி தயாரிக்கும் அந்த ஆபீஸில் மூட்டை தூக்கி இறுகிய தோள்.

"என்ன செல்லக்கனி, இந்த வருசம் தெளிக்கவும் தெம்பில்லையா? அப்ப கோலப் பரிசும் எங்களுக்குத்தான்!" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டாள். அவர்களும் சாணத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அருகில் போய், "அழகுத்தாயி, மெழுகாதீங்க. சாயங்காலம் கால் வழுக்கும்" என்றேன்.

"பரிசு கையவிட்டுப் போகுதேன்னு வயித்தெரிச்சலா டீச்சர்?" என்று சிரித்தாள். செல்லக்கனி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும்.

சாயங்காலம் ஊரே கூடிவிட்டது. நடுவராக வந்த தபால்காரரிடம் விசிலை நானே கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விசில் ஒலித்தது. கயிறு விறைத்தது. மூச்சு விடுவதற்குள் எதிரணி மொத்தமும் தாங்கள் வரைந்த தாமரையின் மேலேயே வழுக்கி விழுந்து வந்தது. எங்கள் தெரு எழுப்பிய சத்தத்தில் காக்கைகள் எல்லாம் பறந்தன.

அழகுத்தாய் எழுந்தாள். முகமெல்லாம் கோலமாவு. "தரை சரியில்ல! இது ஜெயிப்பா?"

"டீச்சர் காலைலயே படிச்சுப் படிச்சுச் சொன்னாகல்ல?" என்றாள் நூர்ஜகான்.

கூச்சல் வளர்ந்தது. அழகுத்தாய் சொன்னதில் நியாயம் இருந்தது. இத்தனை வருடம் வழுக்குத் தரையில் தோற்ற நாங்கள், வழுக்குத் தரையில் ஜெயித்தால் என்ன பெருமை? முன்னால் போனேன்.

"முச்சந்தியத் தாண்டித் தண்ணித் தொட்டிப் பக்கம் ரெண்டு அணிக்கும் காஞ்ச தரைதான். அங்க இழுப்போம். ஒரே இழுப்பு. அதுல யாரு ஜெயிக்காங்களோ அவங்க ஜெயிச்சது."

"கையில விழுந்ததத் தூக்கிக் குடுக்கீகளே டீச்சர்!" செல்லக்கனி அழாத குறை. ஆனாலும் கயிற்றை முதலில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தவள் அவள்தான்.

குருபரன் என் கையைப் பிடித்தான். "வேண்டாம்மா. போதும்." அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டேன்.

விசில். காய்ந்த தரையில் தீப்பெட்டி ஆபீஸ் தெருவின் பலம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கத்தல், ஒரு இழுப்பு. நாங்கள் ஒரு அடி போனோம். இன்னொரு கத்தல், இன்னொரு அடி. செல்லக்கனி பயத்தில் நிமிர்ந்துவிட்டாள், கையால் வெட்டி வெட்டி இழுக்கிறாள். நடுக்கோடு அவள் கால் கட்டை விரலுக்கு வந்துவிட்டது. 'இப்ப' என்று சொல்ல எனக்கு ஒரு நொடியும் கிடைக்கவில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம், தொண்டை கிழிய: "குதிகால்! குதிகால ஊணுங்க! தரையத் தள்ளுங்கம்மா!"

என் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தான்.

செல்லக்கனி சட்டென்று முழங்காலை மடக்கித் தணிந்தாள். எட்டு பேரும் சாய்ந்தோம். நின்றோம். அவர்கள் கத்தினார்கள்; நாங்கள் அசையவில்லை. மறுபடி கத்தினார்கள், அசையவில்லை. பதினாறு குதிகாலும் சரளுக்குள் இறங்கியிருந்தன. அடியில் இருந்து ஏதோ ஒன்று என் காலை, முழங்காலை, முதுகைத் தாங்கித் தள்ளுவதை உணர்ந்தேன். அது என்ன என்று எனக்குத் தெரியும். கரும்பலகையில் எத்தனையோ முறை அம்புக்குறி போட்டிருக்கிறேன். அது இவ்வளவு பெரியது என்று தெரியாது.

எதிரே கால்கள் எழும்பின.

"இப்ப!"

ஒரு அடி. "இப்ப!" இன்னொரு அடி. நான்காவது 'இப்ப'வுக்கு அழகுத்தாய் கோட்டைத் தாண்டி வந்துவிட்டாள்.

விசில் ஊதியதே எனக்குக் கேட்கவில்லை. மல்லாந்து விழுந்து கிடந்தேன். மேலே வானம், சுற்றிலும் முகங்கள், நூர்ஜகான் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கை நீட்டி என்னைத் தூக்கிவிட்டது அழகுத்தாய். "சும்மா நிக்க ஆளுன்னுல்ல சொன்னாங்க ஒங்கள!" என்றாள்.

ஜனவரி 17

தீப்பெட்டி ஆபீஸ் தெருவார் சர்க்கரைப் பொங்கல் பரிமாறினார்கள். நெய் போதாது என்று செல்லக்கனி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

குருபரன் என் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கிண்ணத்தை ஓரமாக வைத்தான். பிறகு, "நாளைக்குப் பெட்டியக் காலைலயே அடுக்கிடலாமாம்மா?" என்றான்.

"நான் வரலப்பா."

சொல்லிவிட்டேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை.

"மறுபடி விழுந்தா?"

"நேத்தும் விழுந்தேன். எத்தன கை வந்துச்சுன்னு பாத்தேல்ல?"

அவன் எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்தான். "நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

"கூப்பிடு. நீ இழுக்கலன்னா எனக்கு வருத்தமாத்தான் இருக்கும்."

சிரித்துவிட்டான். கண்ணும் கலங்கியது. பேங்க் மேனேஜருக்கு அவனே போன் செய்தான்.

ஜனவரி 18

நீலப் பெட்டி நிறைய இட்லிப்பொடி, முருங்கைக்காய், செல்லக்கனி கட்டிக்கொடுத்த முறுக்கு. சக்கரம் வைத்த பெட்டியையே இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. ரயில் கிளம்பும்போது ஜன்னலில் இருந்து, "குதிகால்ம்மா" என்றான்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நாளைக் காலை முச்சந்தி முழுக்க, இரண்டு தெருவையும் சேர்த்து ஒரே கோலம்; அழகுத்தாய் புள்ளி வைக்கிறாள். மாவு வாங்க வேண்டும். கடைக்குப் போய்விட்டு, ஸ்டேஷன் ரோடு வழியாக நடந்தேன். ஒவ்வொரு அடியிலும் தரையைப் பின்னால் தள்ளினேன். அது என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டது.